முதல் பயிற்சிப் படத்தை வகுப்பில் போடுகிறீர்களா? பார்ப்பவருக்கும் எடுத்தவருக்கும் சில வழிமுறைகள்

ஒருவர் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வருகிறார். அறையைக் கடந்துபோய் நாற்காலியில் உட்காருகிறார். எதிரில் இருப்பவரோடு இரண்டு வரி பேசுகிறார். படம் அவ்வளவுதான். பிரிட்டனில் மேல்நிலைப் பள்ளி மீடியா ஸ்டடீஸ் மாணவர்களுக்கு வருடக்கணக்கில் கொடுத்துவந்த பயிற்சி இது. இங்கேயும் விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) வகுப்பிலோ வார இறுதிப் பட்டறையிலோ சேர்ந்தால் முதல் மாதத்தில் ஏறக்குறைய இதே மாதிரி ஒன்றைத்தான் எடுக்கச் சொல்வார்கள். கேட்டால் சப்பென்று இருக்கும், "இதுக்கா ஃபீஸ் கட்டினோம்" என்றுகூடத் தோன்றும். ஆனால் அசைவின் நடுவே வெட்டுவது, எதிரெதிர் ஷாட்டில் இரண்டு பேரைப் பேசவைப்பது, 180 டிகிரி கோட்டைத் தாண்டாமல் கேமராவை வைப்பது என்று மூன்று பாடம் அந்த ஒரு நிமிடத்துக்குள் ஒளிந்திருக்கிறது, மூன்றிலும் முதல் தடவை எல்லோரும் எங்காவது இடறி விழுவார்கள்.

எப்படி எடுப்பது என்று இங்கே சொல்லப் போவதில்லை, அதற்கு ஆயிரம் வீடியோ இருக்கிறது. எடுத்து முடித்து, வெட்டி, பென்டிரைவில் போட்டுக்கொண்டு வகுப்புக்கு வருகிற நாளைப் பற்றித்தான் பேச்சு. அந்த நாளில்தான் நிறைய கற்றுக்கொள்ள முடியும். ஆனால் நடப்பது என்னவென்றால், பாதிப் பேர் "சூப்பர் மச்சி, செம" என்று கைதட்டிவிட்டுப் போவார்கள், மீதிப் பேர் தாங்கள் எடுத்திருந்தால் எப்படி எடுத்திருப்போம் என்று இன்னொரு படத்தைச் சொல்வார்கள். எடுத்தவருக்கு இரண்டாலும் பயன் இல்லை. பார்ப்பவர் சொல்லவேண்டியது ஒன்றுதான்: திரையில் நான் எதைப் பார்த்தேன், எதைக் கேட்டேன், என்ன புரிந்துகொண்டேன். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்.

போடுவதற்கு முன்னால்

ஒரு துண்டுச் சீட்டை எடுத்து இரண்டு வரி எழுதுங்கள். பயிற்சி என்ன செய்யச் சொன்னது என்பது முதல் வரி. படம் பார்ப்பவருக்கு என்ன புரியவேண்டும் என்று நீங்கள் நினைத்தீர்கள் என்பது இரண்டாவது. எழுதி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள், யாரிடமும் படித்துக் காட்டாதீர்கள். அது எதற்கு என்று பின்னால் சொல்கிறேன்.

அடுத்தது, படம் ஓடப்போகிற அறையில் முன்னாடியே ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிடுங்கள். போனில் எடுத்த ஃபுட்டேஜ் பல சமயம் ஒரே சீரான ஃபிரேம் ரேட்டில், அதாவது நொடிக்கு இத்தனை ஃபிரேம் என்ற ஒரே கணக்கில், இருக்காது, எடிட் செய்து எக்ஸ்போர்ட் பண்ணும்போது உதடும் குரலும் கொஞ்சம் கொஞ்சமாக விலகிப் போகும். வகுப்பில் எல்லோர் முன்னாலும் அதைக் கண்டுபிடித்தால் அன்றைக்குப் பேச்சு முழுக்க அதைப் பற்றியே போய்விடும். ஸ்பீக்கரும் முக்கியம். லேப்டாப்பின் குட்டி ஸ்பீக்கரில் கேட்காத ஃபேன் சத்தம் பெரிய ஸ்பீக்கரில் ஹெலிகாப்டர் மாதிரி வந்து நிற்கும்.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை, முன்னுரை சொல்வதுதான் பெரிய தப்பு. நான் படித்த காலத்தில் என் முதல் பயிற்சிப் படத்தைப் போடுவதற்கு முன் எழுந்து நின்று, லைட் போய்விட்டது, நடிக்க வருவதாகச் சொன்னவர் வரவில்லை, அதனால் வேறொருவர், உண்மையில் இது ஒரு கனவு, கடைசியில் தெரியும் என்று ஐந்து நிமிடம் பேசினேன். படம் ஒன்றரை நிமிடம். முடிந்ததும் வாத்தியார் ஒன்றே ஒன்று கேட்டார்: "நாளைக்கு இது வேற ஊர்ல ஓடினா, நீ கூடவே போய் நின்னு சொல்லுவியா?" அன்றைக்கு என் படத்தைப் பற்றி யாரும் எனக்குப் பயன்படுகிற மாதிரி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லவும் முடியாது, நான்தான் முதலிலேயே அவர்கள் கண்ணைக் கட்டிவிட்டேனே. அதனால் தலைப்பைக்கூடச் சொல்லாமல் பிளே பட்டனை அழுத்துங்கள்.

பார்ப்பவர் கவனத்துக்கு: மூன்று தடவை பாருங்கள்

முதல் தடவை பேனாவைக் கீழே வையுங்கள். சினிமாவுக்குப் போன ஆள் மாதிரி சும்மா பாருங்கள். எங்கே கவனம் சிதறியது, எங்கே "யார்ரா இவன்" என்று தோன்றியது என்பது உங்களுக்கே தெரியும், அது தானாக நினைவில் நிற்கும். நிற்கவில்லையென்றால் அது அவ்வளவு முக்கியமில்லை.

இரண்டாவது தடவை சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டு. வசனம் போனபிறகும் யார் யாரிடம் பேசுகிறார், யார் பெரியவர், யாருக்கு எது வேண்டும் என்பது தெரிகிறதா? மூன்றாவது தடவை கண்ணை மூடிக்கொண்டு. ஒலியில் இருக்கிற ஒட்டுப்போட்ட இடங்கள் அத்தனையும் அப்போதுதான் கேட்கும். ஒன்றரை நிமிடப் படம்தானே, மூன்று தடவை பார்த்தாலும் ஐந்து நிமிடம் ஆகாது. ஐந்து நிமிடம் செலவழிக்க மனசில்லாதவர் கருத்து சொல்லவும் வேண்டாம் என்பது என் கட்சி.

இதற்குப் பிறகுதான் பேனா. எழுதும்போது நேரத்தையும் சேர்த்து எழுதுங்கள். "நடுவுல ஒரு கட் சரியில்ல" என்றால் எடுத்தவர் எதைத் தேடுவார்? "22ஆவது செகண்ட், உட்காரும்போது வருகிற கட்" என்று எழுதினால் அவர் நேராக எடிட்டிங் மென்பொருளின் டைம்லைனில், ஷாட்டெல்லாம் வரிசையாக நிற்கும் பட்டையில், அங்கே போய் நிற்பார்.

எதைத் தேடுவது

அசைவில் வெட்டுவதிலிருந்து ஆரம்பிக்கலாம். தூரத்திலிருந்து ஆளை முழுசாகக் காட்டும் வைட் ஷாட்டில் ஒருவர் தாழ்ப்பாளை நோக்கிக் கையை நீட்டுகிறார், கிட்டப்போய் எடுத்த குளோஸில் அந்தக் கை தாழ்ப்பாளைத் திறக்கிறது. இந்த இரண்டும் ஒரே அசைவாகத் தெரியவேண்டும். தெரியவில்லையென்றால் பெரும்பாலும் காரணம் இதில் ஒன்றாக இருக்கும்: வைடில் வலது கை, குளோஸில் இடது கை. அல்லது வைடில் கை தாழ்ப்பாளைத் தொட்டுவிட்டது, குளோஸில் மறுபடியும் நீட்டுகிறது, அதாவது ஒரே காரியம் இரண்டு தடவை நடக்கிறது. அல்லது வேகம் வேறு, வைடில் அவசரமாக வந்தவர் குளோஸில் நிதானமாகத் திறக்கிறார். இந்த மூன்றாவதைப் புதியவர்கள் பார்க்கத் தவறுவார்கள், ஏனென்றால் கன்டினியூட்டி, அதாவது ஷாட்டுக்கு ஷாட் இருக்கவேண்டிய தொடர்ச்சி, என்றாலே சட்டை நிறமும் டம்ளர் இருந்த இடமும்தான் என்று நினைத்துக்கொண்டிருப்போம். நடிப்பவரின் வேகமும் மனநிலையும்கூட கன்டினியூட்டிதான்.

கட் எங்கே விழுகிறது என்றும் பாருங்கள். அசைவு தொடங்குவதற்கு முன்போ முடிந்த பிறகோ வெட்டினால் கண்ணுக்கு அந்த வெட்டு தெரியும், பாதி அசைவில் வெட்டினால் கண் அசைவோடு போய்விடும், வெட்டைக் கவனிக்காது. உட்காருகிற ஷாட்டில் இது நன்றாகத் தெரியும். பாதி குனிந்த நிலையில் வெட்டிப் பாருங்கள், முழுசாக உட்கார்ந்தபின் வெட்டிப் பாருங்கள், வித்தியாசம் புரியும். நொடிக்கு 25 ஃபிரேம் ஓடும் படத்தில் ஒரு ஃபிரேம் என்பது 0.04 நொடி. இரண்டு மூன்று ஃபிரேம் முன்னே பின்னே தள்ளினாலே ஜெர்க் அடித்த கட் சரியாகிவிடுவதைப் பார்த்து முதல் தடவை எல்லோருக்கும் ஒரு ஆச்சரியம் வரும்.

ஜெர்க்குக்கு இன்னொரு காரணமும் உண்டு. ஒரே கோணத்தில் மிட், அதாவது இடுப்புவரை தெரிகிற ஷாட், எடுத்துவிட்டு, கேமராவை இருந்த இடத்திலேயே வைத்து லேசாக ஜூம் பண்ணி அடுத்த ஷாட் எடுத்து இரண்டையும் ஒட்டினால் ஆள் திடீரென்று முன்னால் குதித்த மாதிரி இருக்கும். கோணத்தைக் குறைந்தது 30 டிகிரியாவது மாற்று என்று சொல்வது இதற்காகத்தான்.

அப்புறம் அந்த 180 டிகிரி கோடு. எதிரெதிரே உட்கார்ந்திருக்கும் இரண்டு பேருக்கு நடுவே ஒரு கோடு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள், கேமரா அந்தக் கோட்டுக்கு ஒரே பக்கத்தில் நிற்கும்வரை ஒருவர் திரையின் வலப்பக்கம் பார்ப்பார், மற்றவர் இடப்பக்கம் பார்ப்பார், இருவரும் ஒருவரையொருவர் பார்ப்பதாக நாம் நம்புவோம். கோட்டைத் தாண்டிவிட்டால் இரண்டு பேரும் ஒரே பக்கம் பார்ப்பார்கள், யாரோ மூன்றாவது ஆளிடம் பேசுவது மாதிரி ஆகிவிடும். செட்டில் "லுக் மாறிடுச்சு" என்று கத்துவது இதைத்தான். சத்தமில்லாமல் பார்க்கும்போது இது பளிச்சென்று தெரியும். சஜஷன் ஷாட்டில், அதாவது ஒருவர் தோள் வழியாக இன்னொருவர் முகத்தைக் காட்டும் ஷாட்டில், தோள் ஃபிரேமின் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்தாலே போதும்.

சிலர் கோடு தாண்டிய ஷாட்டை எடிட்டில் இடம் வலமாகத் திருப்பிவிட்டுத் தப்பிக்கப் பார்ப்பார்கள். தப்பே இல்லை, பெரிய படங்களிலும் செய்கிறார்கள். ஆனால் சட்டைப் பை வலப்பக்கம் போய்விடும், புடவை முந்தானை தோள் மாறிவிடும், பின்னால் மாட்டியிருக்கும் காலண்டரில் எழுத்தைக் கண்ணாடியில் பார்த்த மாதிரி இடம் வலமாகப் படிக்கவேண்டி வரும், வகிடு மாறும். இதைக் கண்டுபிடிப்பது ஒரு நல்ல விளையாட்டு, ஆனால் கண்டுபிடித்ததற்காக எடுத்தவரை ஓட்டாதீர்கள், அவருக்கும் தெரிந்துதான் செய்திருப்பார்.

எதிரெதிர் ஷாட்டில் பலரும் செய்வது, யார் பேசுகிறாரோ அவர் முகத்துக்கே வெட்டுவது. பேசினால் இவர், பேசினால் அவர், டேபிள் டென்னிஸ் பார்த்த மாதிரி கழுத்து வலிக்கும். கேட்கிறவர் முகத்தில்தான் பல சமயம் விஷயம் இருக்கிறது. ஒருவர் குரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே மற்றவர் முகத்துக்குப் போங்கள். ஒலியும் படமும் ஒரே இடத்தில் வெட்டுப்படவேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. மதிப்பிடும்போது "ஒவ்வொரு கட்டும் வசனத்தோடு சேர்ந்தே விழுகிறதா" என்று ஒரு தடவை எண்ணிப் பாருங்கள்.

ஒலியைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரையே எழுதலாம். சுருக்கமாக: கட் விழும்போதெல்லாம் பின்னணிச் சத்தம் மாறுகிறதா? ஒரு ஷாட்டில் ஃபேன் ஓடுகிறது, அடுத்ததில் இல்லை, அதற்கடுத்ததில் ஆட்டோ ஹாரன் பாதியில் அறுந்துபோகிறது. எடுத்த அறையிலேயே எல்லோரும் வாயை மூடிக்கொண்டு அரை நிமிடம் வெறும் ஆம்பியன்ஸை, அதாவது அறையில் தானாக இருக்கிற சத்தத்தை, பதிவு செய்துகொண்டு வந்திருந்தால் அதை அடியில் ஓடவிட்டு இந்த ஓட்டைகளை அடைத்திருக்கலாம். பதிவு செய்யாதவர்கள் என்ன செய்வார்கள் தெரியுமா, ஆர்ஆர் (பின்னணி இசை) என்று ஒரு பியானோவைத் தூக்கிப் போட்டு எல்லாவற்றையும் மூடிவிடுவார்கள். அப்படி ஒரு படம் வந்தால் மியூசிக் டிராக்கை மட்டும் அணைத்துவிட்டு ஒரு தடவை போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

எக்ஸ்போஷர் (வெளிச்ச அளவு), ஃபோகஸ் விஷயமெல்லாம் சீக்கிரம் முடிந்துவிடும். போனில் எக்ஸ்போஷரைப் பூட்டாமல் எடுத்தால் கதவு திறந்ததும் முகம் இருட்டாகி மெல்ல வெளிச்சமாகும். டியூப்லைட் வெளிச்சத்தில் பட்டை பட்டையாக ஓடினால் கேமராவின் ஷட்டர் வேகத்தைப் பாருங்கள். நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், ஷட்டரை 1/50 அல்லது 1/100 நொடி வைத்தால் பெரும்பாலும் போய்விடும்.

பேசும் வரிசை

நமக்கு விமர்சனம் என்றாலே நடுவர் நினைவுதான். கலைஞர் தொலைக்காட்சியில் 'நாளைய இயக்குநர்' ஓடியபோது குறும்படம் முடிந்ததும் நடுவர் என்ன சொல்வார் என்று நகம் கடித்த தலைமுறை நாம். கார்த்திக் சுப்புராஜ், நலன் குமாரசாமி, பாலாஜி மோகன் எல்லாம் அங்கிருந்து வந்தவர்கள்தான், அதனால் அந்த முறையைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் அது போட்டி. வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பத்துப் பேரும் நடுவர் ஆகிவிட்டால் எடுத்தவர் அங்கேயே சுருண்டுவிடுவார், அடுத்த வாரம் தன் படத்தைக் கொண்டுவரவே மாட்டார்.

லிஸ் லெர்மன் என்ற அமெரிக்க நடனக் கலைஞர் 1990 வாக்கில் ஒரு முறையை உருவாக்கினார். நடனத்துக்காக வந்ததுதான், இப்போது நாடகம், எழுத்து என்று எல்லா இடத்திலும் பயன்படுத்துகிறார்கள். நாலு படி. முதலில் பார்த்தவர்கள் தங்கள் மனதில் எது நின்றது, எது தொட்டது என்று சொல்லவேண்டும். இரண்டாவது, படைத்தவர் கேள்வி கேட்பார், மற்றவர்கள் அந்தக் கேள்விக்கு மட்டும் பதில் சொல்லவேண்டும். மூன்றாவது, பார்த்தவர்கள் கேள்வி கேட்கலாம், ஆனால் கருத்தைக் கேள்வி மாதிரி வேஷம் போட்டு அனுப்பக் கூடாது. நாலாவதாகத்தான் கருத்து, அதுவும் "இன்னது பற்றி ஒரு கருத்து இருக்கு, சொல்லலாமா" என்று கேட்டுவிட்டு. எடுத்தவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

படிக்கும்போது கொஞ்சம் ஓவராக, சர்க்கரை தடவின மாதிரி இருக்கும். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது, "அனுமதி கேட்டு விமர்சனமா" என்று சிரித்திருக்கிறேன். செய்து பார்த்தபிறகு மூன்றாவது படிதான் உண்மையில் கஷ்டம் என்று புரிந்தது. "ஏன் இவ்ளோ இருட்டா எடுத்திருக்கீங்க?" என்பது கேள்வி இல்லை, திட்டு. "வெளிச்சத்தை எப்படி முடிவு பண்ணீங்க?" என்பது கேள்வி. முதலாவதைக் கேட்டால் "கேமரா அவ்ளோதான் சார்" என்று தற்காப்பு வரும். இரண்டாவதைக் கேட்டால், ஜன்னலை மூடியது ஒலிக்காக, அதனால் வெளிச்சம் போனது, அப்போது என்ன செய்வதென்று தெரியவில்லை என்று உண்மை வெளியே வரும்.

இந்த நாலுக்கும் முன்னால் நான் ஒன்றைச் சேர்த்துக்கொண்டேன். படம் முடிந்ததும் பார்த்தவர்கள் ஒவ்வொருவரும் அவரவர் பேப்பரில், பக்கத்து ஆளைப் பார்க்காமல், கதையை இரண்டு வரியில் எழுதவேண்டும். யார் யார், என்ன உறவு, யாருக்கு என்ன வேண்டும், கிடைத்ததா. எழுதியபிறகு வரிசையாகப் படிக்கவேண்டும். எடுத்தவர் அதுவரை வாயைத் திறக்கக் கூடாது.

ஒரு மாணவர் எடுத்த படத்தைச் சொல்கிறேன். கதவைத் தட்டிவிட்டு ஒருவன் வருகிறான், உட்காருகிறான், "சாவி வேணும்" என்கிறான். எதிரில் இருப்பவன் நிமிர்ந்து பார்த்து "யாரைக் கேட்ட?" என்கிறான். முடிந்தது. ஏழு பேர் பார்த்தார்கள். மூன்று பேர் வீட்டு ஓனரும் குடித்தனக்காரரும் என்று எழுதியிருந்தார்கள். இரண்டு பேர் ஆபீஸ், முதலாளி என்றார்கள். ஒருவர், சண்டை போட்டுக்கொண்ட நண்பர்கள். அண்ணன் தம்பி என்று எழுதியவர் ஒரே ஒருவர், அவரும் ஷூட்டிங்கில் லைட் பிடித்தவர்! எடுத்தவர் பையிலிருந்த சீட்டை எடுத்துப் பிரித்தார். "தம்பி பைக் சாவி கேட்கிறான், அண்ணன் தரப்போவதில்லை" என்று இருந்தது. அந்தச் சீட்டு எதற்கு என்று இப்போது புரிந்திருக்கும். அது இல்லாவிட்டால் அவரும் "ஆமா, ஓனர்னும் எடுத்துக்கலாம், ஆடியன்ஸ் இஷ்டத்துக்கு விட்டுட்டேன்" என்று சொல்லித் தப்பித்திருப்பார். சீட்டு கையில் இருக்கும்போது தப்பிக்க முடியாது.

வாங்கிக்கொள்பவர் செய்யவேண்டியது

வாயை மூடிக்கொண்டு எழுதுவது. முடிந்தவரை அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே எழுதுங்கள். "கொஞ்சம் லேக்கா இருந்துச்சு" என்று ஒருவர் சொன்னால் "பேசிங் பிரச்சினை" என்று நாகரிகமாக மாற்றி எழுதாதீர்கள், வீட்டுக்குப் போய்ப் படிக்கும்போது அது என்னவென்று உங்களுக்கே புரியாது. போனில் ரெக்கார்ட் செய்வதாக இருந்தால் எல்லோரிடமும் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

தலையாட்டாதீர்கள், முகம் சுளிக்காதீர்கள். இது கஷ்டம், தெரியும். ஆனால் நீங்கள் "ம்ம்" என்று தலையாட்டினால் அடுத்தவர் அதையே வேறு வார்த்தையில் சொல்வார், முகம் சுளித்தால் சொல்லவந்ததை விழுங்கிவிடுவார்.

உங்கள் முறை வரும்போது குறிப்பாகக் கேளுங்கள். "எப்படி இருந்துச்சு?" என்று கேட்டால் "நல்லா இருந்துச்சு" என்றுதான் பதில் வரும், பதில் உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. "அவன் உட்காருவதற்கு முன் கொஞ்சம் தயங்குகிறான், அது தெரிந்ததா?" என்று கேட்டாலும் தப்பு, தயங்குகிறான் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். "நாற்காலிகிட்ட வந்ததும் அவன் மனசுல என்ன ஓடினதா தோணுச்சு?" என்று கேளுங்கள்.

அப்புறம், உங்கள் உயிர் நண்பர்களின் கருத்தைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். கெட்டவர்கள் என்பதால் இல்லை. உங்களை அவர்களுக்குத் தெரியும், கதையை நாலு தடவை டீக்கடையில் கேட்டுவிட்டார்கள், படத்தில் இல்லாததையும் சேர்த்துத்தான் பார்ப்பார்கள், லைட் பிடித்தவர் பார்த்த மாதிரி.

சலிப்பது

வீட்டுக்கு வந்தால் நோட்டில் இருபது வரி இருக்கும். அன்றைக்கு ராத்திரி அதைத் தொடாதீர்கள். கோபம் இருக்கும், அல்லது எல்லோரும் சொன்னதையும் ஒரே ராத்திரியில் திருத்திவிடுகிற வெறி இருக்கும், இரண்டும் ஆபத்து.

மறுநாள் எடுத்து இரண்டு பத்தியாகப் பிரியுங்கள். ஒரு பக்கம் பார்த்தவருக்கு என்ன நேர்ந்தது: குழம்பினேன், போரடித்தது, சிரிப்பு வந்தது, யாரென்று தெரியவில்லை. இன்னொரு பக்கம் அவர் எழுதிக்கொடுத்த மருந்து: ஃபிளாஷ்பேக் போடு, வாய்ஸ் ஓவர் வை, மியூசிக்கை மாற்று. இடப்பக்கம் இருப்பது ஏறக்குறைய எப்போதும் உண்மை, ஏனென்றால் குழம்பினேன் என்று ஒருவர் சொன்னால் அவர் குழம்பித்தான் இருக்கிறார், நீங்கள் வாதாடி ஜெயிக்க முடியாது. வலப்பக்கம் இருப்பது பெரும்பாலும் தப்பு. வயிற்றுவலி என்று போகிறவர் வலியைச் சரியாகச் சொல்வார், காரணத்தைச் சொல்லமாட்டார், அதுமாதிரி.

சாவிப் படத்துக்கு வந்த மருந்துகளைக் கேளுங்கள். சின்ன வயதில் இரண்டு பேரும் விளையாடுகிற ஷாட் வை என்றார் ஒருவர். சுவரில் குடும்ப போட்டோ மாட்டு என்றார் இன்னொருவர். நடிப்பே சரியில்லை, ஆளை மாற்று என்று மூன்றாவது ஆள். நோய் எல்லாவற்றிலும் ஒன்றுதான், உறவு தெரியவில்லை. எடுத்தவர் ஃபுட்டேஜை முழுக்கத் திரும்பப் போட்டுப் பார்த்தார். முதல் மூன்று டேக்கில் நடிகர் "அண்ணா, சாவி வேணும்" என்றே சொல்லியிருக்கிறார். நாலாவது டேக்கில் அவசரத்தில் 'அண்ணா'வை விட்டுவிட்டார். நாலாவதில் ஃபோகஸ் நன்றாக இருந்ததால் எடிட்டில் அதை எடுத்துக்கொண்டார்கள். எடிட் செய்தவருக்கு உறவு தெரியும் என்பதால் அந்த ஒரு வார்த்தை காணாமல் போனது காதில் விழவே இல்லை.

எதை முதலில் திருத்துவது என்று தெரியாமல் முழிக்கும்போது எடிட்டர் வால்டர் மர்ச் சொன்ன கணக்கு கைகொடுக்கும். ஒரு கட் நல்ல கட்டா என்று பார்க்க ஆறு விஷயங்களை அவர் வரிசைப்படுத்தினார்: உணர்வுக்கு 51 சதவீதம், கதைக்கு 23, தாளத்துக்கு 10, கண் போகிற போக்குக்கு 7, திரையின் தளத்துக்கு (180 டிகிரி கோடு மாதிரி விஷயங்கள்) 5, அறைக்குள் ஆட்கள் இருக்கும் இடத்தின் தொடர்ச்சிக்கு வெறும் 4. உணர்வு ஒன்றே மற்ற ஐந்தையும் சேர்த்ததைவிடப் பெரியது. டம்ளர் இடம் மாறியதைப் பற்றிப் பத்துப் பேர் பேசியிருக்கலாம், உறவு புரியவில்லை என்று ஒருவர்தான் சொல்லியிருக்கலாம், அப்போதும் அந்த ஒருவருக்குத்தான் முதலிடம்.

ஆனால் இதை எடுத்துக்கொண்டு "மர்ச்சே கன்டினியூட்டிக்கு 4 சதவீதம்தான் கொடுத்தார்" என்று வாத்தியாரிடம் வாதாடுகிற ஆட்களும் உண்டு. கதவு-நாற்காலிப் பயிற்சி கொடுத்ததே அந்த 4 சதவீதத்தையும் அதற்கு முந்தைய 5 சதவீதத்தையும் கையில் கொண்டுவரத்தான். கோட்டைத் தாண்டாமல் இருக்கத் தெரிந்தவர் தாண்டினால் அது முடிவு, தெரியாதவர் தாண்டினால் அது விபத்து, பார்ப்பவர்களுக்கு வித்தியாசம் தெரிந்துவிடும். அதனால் மதிப்பெண் போடவேண்டிய நிலை வந்தால் பயிற்சி கேட்ட மூன்றுக்குமே முதல் இடம் கொடுங்கள். கதை பிரமாதம், ஷாட் அழகு என்பதற்கெல்லாம் இந்தப் பயிற்சியில் மார்க் இல்லை. ட்ரோன் ஷாட்டோடு வந்த கதவு-நாற்காலியைக்கூட நான் பார்த்திருக்கிறேன், வீட்டு மொட்டைமாடி அருமையாக இருந்தது, லுக் மட்டும் மூன்று இடத்தில் தப்பு.

திரும்ப வெட்டுவதும் எழுதுவதும்

ஒரு வாரத்துக்குள் திரும்ப வெட்டுங்கள். தள்ளிப்போட்டால் அடுத்த படம் வந்துவிடும், இது அப்படியே கிடக்கும். பழைய வெர்ஷனை அழிக்காதீர்கள், டைம்லைனை நகலெடுத்து அதில் வேலை செய்யுங்கள். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்து பாருங்கள். நாலு மாற்றத்தை ஒன்றாகச் செய்தால் எது வேலை செய்தது, எது கெடுத்தது என்று தெரியாமல் போகும்.

கல்லூரியில் சுயமதிப்பீடு என்று ஒரு பக்கம் எழுதித் தரச்சொல்வார்கள். "இந்தப் பயிற்சியின் மூலம் குழுவாக வேலை செய்யக் கற்றுக்கொண்டேன், நேர மேலாண்மையின் முக்கியத்துவத்தை உணர்ந்தேன்" என்று எழுதாதீர்கள், கண்ணைக் கட்டிக்கொண்டும் அதை எழுதலாம். இப்படி எழுதுங்கள்: "22ஆவது நொடியில் உட்காரும் அசைவு இரண்டு தடவை வருகிறது. வைடில் முழுவதும் உட்கார்ந்தபின் வெட்டியதால் இது நேர்ந்தது. பார்த்த ஏழு பேரில் நாலு பேர் இதைச் சொன்னார்கள். இரண்டாவது வெர்ஷனில் பாதி குனிந்த இடத்தில் வெட்டினேன், இப்போது அசைவு ஒட்டுகிறது, ஆனால் தலை ஃபிரேமின் மேல் இடிக்கிறது, அது எடுக்கும்போதே நடந்த தப்பு." எங்கே, என்ன, ஏன், யார் சொன்னார், என்ன செய்தேன், இப்போது எப்படி. திருத்த முடியாததையும் எழுதுங்கள், அதற்கு மார்க் குறைக்கிற வாத்தியாரை நான் பார்த்ததில்லை.

புது வெர்ஷனைப் பழைய ஏழு பேரிடம் மட்டும் காட்டிவிட்டு நிறுத்திவிடாதீர்கள். அவர்களுக்கு விடை தெரிந்துவிட்டது. இதற்கு முன் பார்க்காத நாலைந்து பேரைப் பிடியுங்கள், ஹாஸ்டல் மெஸ்ஸில், பஸ் ஸ்டாப்பில், எங்கே கிடைத்தாலும். அதே மாதிரி இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள்.

சாவிப் படத்தை எடுத்தவர் மூன்றாவது டேக்கை வைத்து, அந்த 'அண்ணா'வோடு, ஃபோகஸ் லேசாகப் போனாலும் பரவாயில்லை என்று வெட்டிக்கொண்டு போய் ஐந்து பேரிடம் காட்டினார். நாலு பேர் அண்ணன் தம்பி என்று எழுதினார்கள். ஐந்தாவது ஆள், "பக்கத்து வீட்டுப் பையன் போல, நம்ம ஊர்ல யாரைத்தான் அண்ணான்னு கூப்பிடல" என்றார். சாவி கிடைக்காது என்று மட்டும் ஐந்து பேரும் எழுதியிருந்தார்கள். அவர் அதோடு அந்தப் படத்தை மூடிவிட்டு அடுத்த பயிற்சிக்குப் போனார்.